முகாமில் கற்ற தச்சு

கதிரை, மேசை, அலுமாரி ஆகிய மூன்று சொற்களும் போர்த்துக்கேயரின் கப்பலோடு வந்து நமது வீடுகளுக்குள் புகுந்தவை. லாச்சி என்பது ஒல்லாந்தர் தந்தது. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், பொருள்களும் அவற்றின் பெயர்களும் இங்கேயே தங்கிவிட்டன. ஆனால் அந்த அந்நியப் பொருளை முதன்முதலிற் பார்த்து, தன்னிடமிருந்த உளியாலும் வாளாலும் அதைப் போலொன்றைச் செய்துகாட்டிய ஓடாவி யார்? அந்த ஓடாவிக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? மொழி பொருளின் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கிறது. செய்தவரின் பெயரை அது வைத்திருக்கவில்லை. கற்றுக்கொடுத்தவரின் பெயரை வரலாறு கேட்பதே அரிது.

நேயர்களே, இந்த வழமைக்கு விலக்கான ஒரு நிகழ்ச்சி நெடுநாளாக என் மனதிற் கிடக்கிறது. அது நடந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாலைநிலம். காலம் 1942. மாணவர் ஜோர்ஜ் நக்கஷிமா. மரத்தளபாடக் கலையில் இருபதாம் நூற்றாண்டு கண்ட பெரியவர்களுள் ஒருவர். ஆசிரியர் ஜென்தாரோ ஹிக்கோகாவா என்னும் யப்பானியத் தச்சர். வகுப்பறை, அரசாங்கம் தன் மக்களையே அடைத்துவைத்த ஒரு தடுப்பு முகாம். இந்தக் கதையில் தமிழ்மக்கள் வாழும் ஊரொன்றும் இரண்டு இடங்களில் வருகிறது. அதையும் சொல்ல வேண்டும்.

நக்கஷிமா 1905ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரிற் பிறந்தவர். பெற்றோர் யப்பானிலிருந்து குடியேறியவர்கள். சிறுவயதில் மலைகளிலும் காடுகளிலும் அலைந்து திரிந்த பழக்கத்தினாற் போலும், பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் எடுத்த பாடம் வனவியல். பின்னர் கட்டடக்கலைக்கு மாறினார். 1930இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் கட்டடக்கலையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அக்காலம் அமெரிக்காவிற் பொருளாதாரம் சரிந்துகிடந்த காலம். அவர் புறப்பட்டுவிட்டார். சில காலம் பாரிஸில் வாழ்ந்து, பெற்றோரின் நாட்டைப் போய்ப் பார்த்து, டோக்கியோவில் அன்டொனின் ரேமண்ட் என்பவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ரேமண்ட், செக் நாட்டிற் பிறந்து அமெரிக்கரானவர். யப்பானில் நவீன கட்டடக்கலையை வளர்த்தவர்களுள் முக்கியமானவர்.

அந்த அலுவலகத்துக்கு வந்த ஒரு வேலைதான் நக்கஷிமாவைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்பர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி கட்ட வேண்டும். ஹைதராபாத் நிஜாமின் திவானாக இருந்த சேர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் அதற்கு நிதி கிடைத்தது. அந்த நன்றியை நினைவிற் கொண்டு, ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள, வைரத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயரையே விடுதிக்கு வைத்தார்கள். இந்தியாவில் வலுவூட்டிய கொங்கிரீட்டினால் எழுந்த நவீன கட்டடங்களில் மிக முந்தியவற்றுள் அது ஒன்று. இரு முகப்புகளிலும் திறக்கவும் மூடவும் கூடிய கிடைத்தகடுகள். உள்ளே தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவுகள். காலுக்குக் குளிர்ச்சியான மெருகிட்ட கருங்கல் தளம். வெப்பமும் மழையும் மாறிமாறி வரும் ஒரு கடலோர ஊரில், மின்விசிறிக்கு வேலை வைக்காமற் காற்றைக் கொண்டுவரும் ஏற்பாடு அது.

1937இலிருந்து 1939வரை நக்கஷிமா அங்கே வேலையை மேற்பார்வை செய்தார். கொஞ்ச நாளில் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமவாசிகளுள் ஒருவராகவே ஆகிவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். அழகில் ஆனந்தம் கொள்பவர் என்பது பொருள். அவ்விடுதிக்கு வேண்டிய தளபாடங்களையும் அவர் தேக்கில் வடிவமைத்தார். ஆயினும் அப்போது அவர் வரைபவர். மரத்தை அரிந்தவர்களும் சீவியவர்களும் வேறு கைகள்.

1940இல் அமெரிக்கா திரும்பிய நக்கஷிமா, அங்கு புதிதாக எழுந்துகொண்டிருந்த கட்டடங்களைப் போய்ப் பார்த்தார். புகழின் உச்சியில் இருந்த பிராங்க் லொயிட் ரைட்டின் வீடொன்று கலிபோர்னியாவிற் கட்டப்படுவதையும் கண்டார். வரைபடத்தில் இருந்த மேன்மை கைவேலையில் இல்லையென்பது அவருக்குப் பெரும் ஏமாற்றமாயிற்று. வரைபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர், மேற்பார்ப்பவர் மூன்றாமவர் என்ற ஏற்பாட்டில் நேர்த்தி எங்கோ கசிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். மரம் வெட்டுவது முதல் மெருகிடுவதுவரை ஒரே மனிதரின் பொறுப்பில் இருக்கக்கூடிய தொழில் எது என்று எண்ணினார். கட்டடக்கலையை விட்டு 1941இல் சியாட்டில் நகரிற் சிறிய பட்டறையொன்றைத் தொடங்கினார். இடம் கொடுத்தவர் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர். சிறுவர் கழகமொன்றின் கட்டடம் அது. வாடகைக்குப் பதிலாகச் சிறுவர்களுக்கு மரவேலை கற்றுக்கொடுக்க வேண்டும். அவ்வாண்டே மரியன் ஒக்காஜிமாவைத் திருமணம் செய்தார்.

1941 டிசம்பர் 7ஆம் திகதி யப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளையிற் கையொப்பமிட்டார். அதன் விளைவாக மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 120,000 பேர் வீடுவாசலை விட்டு அகற்றப்பட்டுப் பத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணிற் பிறந்த பிரசைகள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, முகச்சாயலே போதுமானதாயிற்று. கையிற் கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மீன்பிடிப் படகுகளும் கடைகளும் விளைந்து நின்ற தோட்டங்களும் வந்த விலைக்குப் போயின. ஒரு தச்சன் தன் பட்டறையைக் கையில் எடுத்துச்செல்ல முடியுமா?

நக்கஷிமாவும் மனைவியும், அவ்வாண்டிற் பிறந்த கைக்குழந்தை மீராவும் ஐடஹோவின் மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த இடம் அது. தார்க்கடதாசி அடித்த பலகைக் கொட்டில்கள், கோடையிற் புழுதிக்காற்று, மாரியில் உறைபனி, பார்க்குமிடமெல்லாம் புதர்க்காடு. கொட்டிலின் ஓர் அறை ஒரு குடும்பத்துக்கு. மேசையில்லை, கதிரையில்லை, ஒரு சட்டையை மாட்டத் தட்டுமில்லை.

அங்கேதான் ஹிக்கோகாவா இருந்தார். யப்பானிற் பிறந்து, அந்நாட்டு மரபில் முறையாகத் தச்சுப் பயின்றவர். யப்பானிற் பிறந்து குடியேறியவர்கள் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அமெரிக்கப் பிரசையாக முடியாது என்பது 1952வரை அங்கிருந்த சட்டம். ஆகவே ஒருவர் உரிமை பறிக்கப்பட்ட பிரசை. மற்றவர் உரிமையே வழங்கப்படாத குடியேறி. ஒருவருக்கு இரு பட்டங்கள். மற்றவருக்குக் கையிலிருந்த தொழில். முகாமின் வெறும் அறைகளை வாழத்தக்க இடமாக ஆக்குவது எப்படி என்று காட்டுவதற்கு மாதிரி அறையொன்றை அமைக்கும் வேலை நக்கஷிமாவிடம் வந்தது. இருவரும் அதிற் சேர்ந்து உழைத்தனர். கொட்டில்கள் கட்டி மிஞ்சிய பலகைத் துண்டுகளும், பாலைநிலத்தில் முறுகி வளரும் புதர்களின் கட்டைகளுமே அவர்களுக்குக் கிடைத்த மரம்.

அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஹிக்கோகாவா எதைக் கற்றுக்கொடுத்தார்? யப்பானியத் தச்சுமரபைச் சிறிது பார்த்தால் அது விளங்கும்.

எங்கள் ஊரில் ஓடாவியார் வாள் பிடிப்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். முன்னோக்கித் தள்ளும்போதே அவரது வாள் வெட்டும். சீவுளியும் அவ்வாறே; உடலின் பாரத்தை அதன்மேற் கொடுத்துத் தள்ளுவார். யப்பானியத் தச்சர் இரண்டையும் தம்மை நோக்கி இழுப்பார். இது வெறும் பழக்க வேறுபாடன்று. தள்ளும் வாள் வளையாமல் இருக்க வேண்டுமானால் அதன் தகடு தடிப்பாக இருக்க வேண்டும். இழுக்கும்போது தகடு தானாக விறைத்து நேராகும்; ஆகவே அது கடதாசிபோல் மெல்லியதாக இருந்தாலும் போதும். தகடு மெலிந்தால் வெட்டும் மெலியும், மூட்டு நெருக்கமாகப் பொருந்தும், மரமும் வீணாகாது. அவர்களது உளியில் இரண்டு உலோகங்கள் உண்டு. வெட்டும் விளிம்புக்குக் கடினமான உருக்கு; அதைத் தாங்குவதற்கு மிருதுவான இரும்பு. முழுவதும் கடினமாயின் அடியில் உடைந்துவிடும். முழுவதும் மிருதுவாயின் கூர் நிற்காது. இரண்டையும் உலையிற் சேர்த்து அடித்துவிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று தாங்கிக்கொள்கிறது.

இத்தகைய ஆயுதத்தை எடுத்தவுடன் மரத்தில் வைக்க விடமாட்டார்கள். தீட்டுவதுதான் முதற்பாடம். நீர்க்கல்லின்மேல் உளியை ஒரே கோணத்திற் பிடித்து, மணிக்கை அசையாமல், முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். கோணம் இம்மி பிசகினாலும் விளிம்பு உருண்டுவிடும். பயிலுகின்ற பிள்ளை இதிலேயே மாதக்கணக்காகக் கிடப்பான். பொறுமையைச் சோதிப்பதற்காக வைத்த சடங்கு என்று வெளியார் எண்ணுவர். உண்மையில் தீட்டத் தெரியாதவனுக்கு மரம் பேசாது. மழுங்கிய உளி நாரை நசுக்கும். கூரிய உளி நாரை அரியும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே முடிச்சிட்டிருக்கிறது என்பதைக் கூரிய விளிம்பின்மூலம் கை தானே உணர்ந்துகொள்கிறது. புத்தகத்தில் இதை எழுதலாம்; புத்தகத்திலிருந்து இதைக் கற்க முடியாது.

அடுத்தது மூட்டு. மரம் வெட்டிய பிறகும் அசைகிறது என்பதே தளபாடத் தொழிலின் அடிப்படை உண்மை. ஈரக்காற்றில் அது அகலவாட்டில் விரியும். வரண்ட காற்றிற் சுருங்கும். நீளவாட்டிலோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே அகன்ற பலகையொன்றை ஆணியடித்து இறுக்கினால் ஒரு பருவம் கழியுமுன் அது வெடிக்கும். ஒரு கட்டையில் நாக்குப்போலச் செதுக்கி, மற்றக் கட்டையில் அதற்கேற்ற துளை வெட்டி, இரண்டையும் பொருத்தும் மூட்டுக்கள் இதனால்தான் தோன்றின. மரத்தை அசையவிட வேண்டிய இடத்தில் அசையவிட்டு, பிடிக்க வேண்டிய இடத்திற் பிடிப்பதே நல்ல மூட்டு. வெடித்த பலகையை எறிந்துவிடாமல், வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சியின் உருவில் ஒரு கட்டையைப் பதித்து அது மேலும் பிளக்காமல் தடுப்பதும் ஒரு பழைய முறை. பிற்காலத்தில் நக்கஷிமாவின் மேசைகளை உலகம் இனங்கண்டது இந்த வண்ணத்துப்பூச்சிக் கட்டையினாலேயே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நக்கஷிமாவின் கதையைக் கூறுவோர் சிலர், முகாம் அவருக்கு மறைமுகமான நன்மையாயிற்று என்று முடிப்பதுண்டு. சிறையிருந்திராவிட்டால் இந்தக் கலைஞர் கிடைத்திருக்க மாட்டார் என்பது அவர்களது கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு உடன்பாடில்லை. முகாம் கொடுத்தது புழுதியும் பனியும் வேலியும்தான். அது அவருடைய பட்டறையைப் பறித்தது. ஒரு கைக்குழந்தையின் முதலாண்டைத் தார்க்கடதாசிக் கொட்டிலுக்குள் தள்ளியது. கலையைக் கொடுத்தவர் ஹிக்கோகாவா. அவருக்கு அதைக் கொடுத்தவர், யப்பானில் எங்கோ ஒரு பட்டறையில் இருந்த முன்னோர். அநியாயத்துக்குள் அகப்பட்ட மனிதர்கள் தம்மிடமிருந்த நல்லதை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள் என்றால், அந்தப் பெருமை மனிதர்களுக்கே உரியது. அதை எடுத்து அநியாயத்தின் கணக்கில் வரவு வைப்பது முறையாகாது. முகாமுக்குள் போய் எதையும் கற்காமல், இழந்ததை மீளப் பெறாமல், பெயரில்லாமற் போனவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

1943இல் நக்கஷிமாவின் குடும்பத்துக்கு விடுதலை கிடைத்தது. பிணை நின்றவர் பழைய முதலாளி ரேமண்ட். அவர் அப்போது பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்னும் ஊரில் இருந்தார். அவருடைய பண்ணையில் நக்கஷிமா கோழிகளைப் பராமரித்தார். வரலாற்றின் சிக்கலைப் பாருங்கள்: அதே 1943இல், அமெரிக்க இராணுவத்துக்காக யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் யப்பானியத் தொழிலாளர் வீடுகளின் மாதிரிகளை வடிவமைத்துக் கொடுத்தவரும் ரேமண்ட்தான். எரிகுண்டு போட்டால் அவ்வீடுகள் எப்படி எரியும் என்று பரீட்சிப்பதற்காக அவை கட்டப்பட்டன. யப்பானிய மரவீட்டை நன்கறிந்து நேசித்த ஒருவரின் அறிவே அவ்வீடுகளை எரிக்கவும் பயன்பட்டது. அதே கை ஒரு யப்பானியக் குடும்பத்தை முகாமிலிருந்து வெளியே எடுத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் வரலாறு கதையாகிவிடும்.

நியூ ஹோப்பில் நக்கஷிமா மெல்ல மெல்லத் தொழிலைத் தொடங்கினார். உழைப்பைக் கொடுத்து மூன்று ஏக்கர் நிலம் பெற்றார். முதலிற் பட்டறையையும் பின்னர் வீட்டையும் கட்டினார். நல்ல பலகை வாங்கப் பணமில்லாத நாட்களில், வாணிபர் கழித்துவிட்ட துண்டுகளை எடுத்தார்: முடிச்சுள்ளவை, வெடித்தவை, பட்டைப்பக்கம் கோணியவை. மினிடோக்காவில் மிஞ்சிய கட்டைகளோடு பழகிய கைக்கு அது புதிதல்ல. வெடிப்பை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சிக் கட்டையாற் பிடித்தார். விளிம்பை நேராக அரியாமல் மரம் வளர்ந்தபடியே விட்டார். அந்த விளிம்பு பின்னர் உலகெங்கும் நாகரிகமாகிவிட்டது. அதைப் பார்த்துச் செய்வோர் பலருக்கு அது எத்தகைய தட்டுப்பாட்டில் முளைத்தது என்பது தெரியாது.

பட்டறையில் இயந்திரம் இருந்தது. மின்வாளை அவர் வெறுத்தவரல்லர். கடினமான ஆரம்ப வேலையை இயந்திரம் செய்யலாம். மூட்டும் முடிவும் கையினுடையவை என்பது அவரது முறை. அடிமரத்தை எந்தக் கோணத்தில் அரிவது என்பதைத் தாமே நின்று தீர்மானிப்பார். ஒரு மரத்தின் பலகைகளை அரிந்த ஒழுங்கிலேயே அடுக்கி, ஆண்டுக்கணக்காக உலரவிடுவார். 1960இல் கொனொயிட் கதிரை வந்தது. பின்கால் இல்லாமல் இரண்டே கால்களில் நிற்பது. அது சரிந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு, அது சரியவில்லை. 1973இல் நியூயோர்க் மாநில ஆளுநராயிருந்த நெல்சன் ரொக்பெல்லர் தமது வீட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களைச் செய்வித்தார். 1981இல் மரத்தின் ஆன்மா என்ற பொருள்படும் தமது நூலை நக்கஷிமா வெளியிட்டார். 1983இல் யப்பானிய அரசு அவருக்கு உயர் விருதொன்றை வழங்கியது.

இந்தியாவை அவர் மறக்கவில்லை. 1964இல் அஹமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவகத்துக்கு வந்து அங்குள்ளோர் செய்வதற்கேற்ற தளபாடங்களை வடிவமைத்தார். முதுமையில் அவருக்கு ஒரு பெருங்கனவு இருந்தது: மாபெரும் வால்நட் மரமொன்றின் பலகைகளால் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு சமாதான மேடை. முதலாவது, 1986ஆம் ஆண்டின் கடைசி இரவில், நியூயோர்க்கின் புனித யோவான் பேராலயத்தில் அர்ப்பணிக்கப்பட்டது. ஆசியாவுக்கான மேடை அவர் மறைந்த பின்னர், 1996இல், புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஓரோவிலுக்கு வந்து சேர்ந்தது. சுந்தரானந்தா உளி பிடிக்குமுன் தேக்கில் வரைந்த அதே மண்ணுக்கு, அவர் பட்டறையின் மேசை கடல் கடந்து வந்தது.

1988 ஓகஸ்ட் மாதம் அமெரிக்கா சட்டமொன்றை நிறைவேற்றித் தடுப்பு முகாம்களுக்காக மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டொலர் நட்டஈடு என்றும் தீர்மானித்தது. முதற் காசோலைகள் வழங்கப்பட்டது 1990 ஒக்டோபரில். நக்கஷிமா அவ்வாண்டு ஜூன் 15ஆம் திகதியே காலமாகிவிட்டார். மினிடோக்கா முகாமிருந்த இடம் 2001இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 2014இல் நியூ ஹோப் பட்டறைக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது.

ஹிக்கோகாவாவின் மேசைக்கு அரும்பொருட்சாலைகளில் இடமில்லை. அவருடைய கையெழுத்திட்ட கதிரை எதுவும் ஏலத்துக்கு வருவதில்லை. அவர் பெயர் நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், புகழ்பெற்ற மாணவர் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் இன்னாரென்று சொல்லிவந்ததுதான். பட்டமும் பரிசும் பெற்றவர், பட்டமில்லாத ஒரு தச்சரைத் தம் ஆசிரியர் என்று சொல்வதற்கு ஒரு நேர்மை வேண்டும். கைத்தொழிலின் வரலாறு முழுவதும் அந்த நேர்மை இருந்திருக்குமானால், கதிரையும் மேசையும் நமது மண்ணில் எவர் கையில் முதலிற் பிறந்தன என்ற கேள்விக்கும் இன்று விடை இருந்திருக்கும்.

தந்தைக்குப் பிறகு பட்டறையின் பொறுப்பை ஏற்றவர் மகள் மீரா. முகாமுக்குப் போனபோது தாயின் கையிலிருந்த அதே குழந்தைதான். கட்டடக்கலை படித்துவிட்டு, தந்தையின் பட்டறையிலேயே பல ஆண்டுகள் தொழில் பழகியிருந்தார். தந்தை அரிந்து அடுக்கிவைத்துப் போன பலகைகள் அப்போது அங்கே உலர்ந்துகொண்டிருந்தன.